பந்தியில் உட்கார்ந்த சம்பந்தி

தரையில் உட்காருவதற்கு மனிதனுக்கு எந்தத் தகுதியும் தேவையில்லை. முழங்காலை மடக்கினால் போதும், மிச்சத்தைப் பூமி பார்த்துக்கொள்ளும். எழுந்திருப்பதில்தான் வில்லங்கம். அதற்குப் பூமி உதவாது. ஆண்டவனும் பெரிதாக அக்கறை காட்டுவதில்லை. தொடையில் சதை இருக்க வேண்டும். இந்தச் சின்ன விஷயத்தை நான் அறுபத்து மூன்றாவது வயதில், மகனின் கல்யாணப் பேச்சு நடந்த வீட்டில், வாழை இலைக்கு முன்னால் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன்.

என் உத்தியோகத்தை முதலில் சொல்லிவிட வேண்டும், அப்போதுதான் அவமானத்தின் அளவு புரியும். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் கிரேன் சோதிக்கும் பிரிவில் வேலை பார்த்தவன் நான். எந்தக் கொக்கி எவ்வளவு டன் தாங்கும், எந்தக் கம்பிவடம் நைந்திருக்கிறது, எதை இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம், எதை இன்றே கழற்றிப் போட வேண்டும் என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது தொழில். இரும்பில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. என் சொந்தத் தொடை கரைந்துகொண்டிருந்ததுதான் தப்பிவிட்டது.

அணுபுரம் குடியிருப்பில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, ஓய்வு பெற்றதும் செங்கல்பட்டில் வீடு கட்டிக்கொண்டு வந்தோம். ஓய்வு பெற்றவனுக்கு அரசாங்கம் பென்ஷன் கொடுக்கிறது, சமூகம் வெள்ளை ஷூ கொடுக்கிறது. நானும் மாட்டிக்கொண்டு தினமும் காலையில் கொளவாய் ஏரிப் பக்கம் நடந்தேன். கூட என்னைப் போலவே ஓய்வு பெற்ற நண்பர்கள். நடையின் முடிவில் டீக்கடை, டீக்கடையில் மசால் வடை. (வடை இல்லாமல் நடந்தால் உடம்புக்குக் கெடுதல் என்று எங்களுக்குள் ஒரு நம்பிக்கை.) இரண்டே வருடத்தில் என் பேன்ட் எல்லாம் தொடையில் தொளதொளத்தன. நடந்து நடந்து இளைத்துவிட்டேன் என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டேன். வயிறு மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் பேச்செடுக்கவில்லை.

என் மனைவி வசந்தாதான் ஒருநாள் நான் கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது உற்றுப் பார்த்துவிட்டு, "ஏங்க, காலு ரெண்டும் முருங்கைக்காய் மாதிரி ஆகுதே" என்றாள். ஓட்டப்பந்தய வீரர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்றேன். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவனுக்கு எதற்கு வீரன் காலு என்று கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

சர்க்கரைக்காக நான் பார்க்கும் டாக்டர் அம்மாவும் ஒருமுறை எச்சரித்தார். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்திருங்கள் என்றார். முன்னால் சாய்ந்தேன், பின்னால் சாய்ந்தேன், ஊஞ்சல் மாதிரி வேகம் சேர்த்துப் பார்த்தேன். கடைசியில் கைகள் தாமாகவே அவிழ்ந்து, நாற்காலியின் பிடியை அழுத்தி என்னை எழுப்பிவிட்டன. (கைக்கு இருக்கிற விசுவாசம் காலுக்கு இல்லை.) டாக்டர் பொறுமையாகச் சொன்னார். வயது ஏறினால் சதை குறைவது இயற்கை, சும்மா உட்கார்ந்திருந்தால் சீக்கிரம் குறையும், காலில்தான் முதலில் தெரியும். நடப்பது நல்லதுதான், ஆனால் தொடைக்கு அது மட்டும் பத்தாது. பளு கொடுக்க வேண்டும், உட்கார்ந்து உட்கார்ந்து எழ வேண்டும், கையில் எடை தூக்க வேண்டும். முட்டை, பருப்பு, சுண்டல் எல்லாம் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

"இந்த வயசுலயா டாக்டர் எடை தூக்குறது?" என்றேன்.

"இந்த வயசுலதான் சார்" என்றார்.

வீட்டுக்கு வந்து அவருடைய ஆலோசனையை நன்றாக யோசித்து, சுண்டலை மட்டும் எடுத்துக்கொண்டேன். வடையோடு அதுவும் சேர்ந்தது.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் ஒரே மகன் கார்த்திக் ஒரு பெண்ணை விரும்புவதாகச் சொன்னான். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு ஐடி கம்பெனியில் இருவருக்கும் வேலை. பெண்ணின் பெயர் நித்யா. ஆபீஸ் ஜிம்மில் பழக்கமாம். இவன் டிரெட்மில்லில் மெதுவாக நடந்துகொண்டு போன் பார்க்கிறவன், அவள் நிஜமாகவே பளு தூக்குகிறவள். மதுராந்தகத்தை அடுத்த கிராமத்தில் விவசாயக் குடும்பம். அப்பா ஏழுமலை, நெல் அறுக்கும் இயந்திரம் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவர். அவருக்கும் அவர் மனைவிக்கும் சம்மதம்தான். ஆனால் அந்த வீட்டில் முடிவு சொல்வது ஏழுமலையின் அண்ணன் கோதண்டம். அவருக்கு எழுபது வயது. பையன் நல்ல பையன்தான், ஆனால் நம்ம பக்கத்து ஜனம் இல்லையே என்று இழுத்துக்கொண்டிருந்தார். நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைச் சாப்பிட அழைத்தார்கள்.

காரில் போகும்போதே வசந்தா எனக்குப் பாடம் எடுத்தாள். கிரேன் கதை பேசக் கூடாது. அரசியல் கூடாது. பெரியவரோடு எதிர்வாதம் செய்யக் கூடாது. அளவாகச் சாப்பிட வேண்டும், சர்க்கரை இருப்பதால் இனிப்பைத் தொடவே கூடாது. முன் சீட்டில் கார்த்திக், பரீட்சைக்குப் போகிறவன் மாதிரி பேசாமல் இருந்தான். அவன் முகத்தைப் பார்த்தபோது எனக்கே பாவமாக இருந்தது. இவனுக்காக இன்றைக்கு ஒருநாள் ஒழுங்காக இருந்துவிட வேண்டும் என்று உள்ளபடியே முடிவு செய்தேன்.

வழியில் மதுராந்தகம் ஏரியில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. வீடு மாடி வைத்த பெரிய வீடு, கூடம் முழுக்கப் பளபள டைல்ஸ். கோதண்டம் உயரமான தேக்கு நாற்காலியில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் தம்பி ஏழுமலையின் தோளில் கை வைத்து எழுந்தார். நடக்கும்போதும் அந்தக் கை தோளைவிட்டு இறங்கவில்லை. என்ன பாசம், இந்தக் காலத்தில் இப்படி ஒரு அண்ணன் தம்பியா என்று வசந்தா என் காதில் சொன்னாள்.

"வாங்க சம்பந்தி" என்றார் கோதண்டம். "இன்னும் ஒண்ணும் முடிவாவல. வூட்டுக்கு வந்தவங்கள அப்புடி கூப்புட்றது ஒரு மரியாத, அவ்ளோதான்."

பிறகு என்ன உத்தியோகம் பார்த்தேன் என்று கேட்டார். வசந்தா போட்ட முதல் சட்டத்தை அங்கேயே மீறி, கிரேன் வேலை, பாரம் தூக்குவது என்றேன். அவர் என்னைத் தலையிலிருந்து கால் வரை ஒருமுறை பார்த்தார். காலில் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்த்தார்.

"நீங்களா?" என்றார்.

சாப்பாட்டு நேரம் வந்தது. கூடத்தில் பந்திப்பாய் விரித்து, இருபக்கமும் இலை போட்டார்கள். ஏழுமலை என்னிடம் வந்து, மாடியில் டேபிள் இருக்கிறது, இறக்கிப் போட்டுவிடலாமா என்று பணிவாகக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் கோதண்டம், "ஆமா, போடுங்க. பெரியவங்களுக்கு எதுக்கு கஷ்டம்" என்றார். என்னைவிட ஏழு வயது மூத்தவர் என்னைப் பெரியவர் என்கிறார். கால் விஷயத்தில் ஏற்கனவே வாங்கிய அடி இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. சுருக்கென்றது.

"அதெல்லாம் வேண்டாம். நாங்க தரையில உக்காந்து சாப்பிட்டு வளர்ந்தவங்க" என்றேன்.

நான் தரையில் உட்கார்ந்து பல வருடம் ஆகியிருந்தது. வீட்டில் சாப்பாடு டேபிளில், சாமி கும்பிடுவது ஸ்டூலில், கழிப்பறையில் வெளிநாட்டுப் பீங்கான், பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி. நான் எழுந்திருக்கிற எல்லா இடத்திலும் கைக்கு ஏதோ ஒன்று அகப்பட்டுக்கொண்டிருந்தது. அதையெல்லாம் அப்போது யார் யோசித்தார்கள். கோதண்டத்தின் முகம் கறுத்ததைப் பார்த்தேன். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அவர் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு, நிலைக்கு வரும் தேர் மாதிரி மெதுவாக இறங்கி எனக்கு எதிர் இலையில் அமர்ந்தார். நான் பாதி தூரம் உட்கார்ந்தேன், மீதி தூரம் விழுந்தேன். வெள்ளை வேட்டியும் வயிறும் இருந்ததால் அது கம்பீரமாகத் தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

சாப்பாடு அபாரம். கத்திரிக்காய் காரக்குழம்பு, உளுந்து வடை, அப்பளம், பருப்புப் பாயசம். வசந்தாவின் கட்டளைப்படி அளவாகச் சாப்பிட்டேன், பாயசம் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். மோர் ஊற்றும்போது ஏழுமலை ஒரு தகவல் சொன்னார். அவர்கள் வீட்டில் விருந்தாளிகளில் மூத்தவர் எழுந்த பிறகுதான் பந்தி எழுமாம். எல்லோரும் சாப்பிட்டு முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் புன்னகை செய்துவிட்டு, இடது கையைத் தரையில் ஊன்றி எழுந்தேன்.

எழுந்ததாக நினைத்தேன். பார்த்தால் அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். இடுப்பு ஒரு விரற்கடை உயர்ந்து, யோசித்து, திரும்பி வந்துவிட்டது. இன்னொரு முறை அழுத்தினேன். தொடையில் மெல்லிய நடுக்கம் வந்தது, அவ்வளவுதான். பனிக்காலத்தில் பழைய ஸ்கூட்டரை உதைக்கிற மாதிரி இருந்தது. பிடித்துக்கொள்ளச் சுற்றிலும் ஒன்றுமில்லை. ஒரு கை முழுக்க மோர்ச் சாதம். மண்டிபோட்டுத் தவழ்ந்து சுவர்வரை போகலாம். ஆனால் பெண் வீட்டில், பேச்சு முடியாத நிலையில், மாப்பிள்ளையின் அப்பா தவழ்ந்து போவதை யாரும் நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இந்தத் தள்ளாத ஆளின் வீட்டில் நம் பெண் வந்து பணிவிடை செய்து சாக வேண்டுமா என்று கோதண்டம் கேட்டால் அதோடு கதை முடிந்தது.

நான் முன்னால் சாய்வதைப் பார்த்த ஏழுமலை, என்ன வேண்டும் என்று ஓடி வந்தார்.

"கொஞ்சம் பாயசம்" என்றது என் வாய்.

பாயசம் வந்தது. எதிரில் கோதண்டம் என்னையே பார்த்தார். பிறகு தனக்கும் ஊற்றச் சொல்லி அவரும் தன் இலையைத் தொட்டுக் காட்டினார். குடித்து முடித்ததும் மறுபடி எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மறுபடி தொடையிடம் விண்ணப்பித்தேன், அது மறுபடி நிராகரித்தது. சோறு கேட்டேன். ரசம் கேட்டேன். வடையும் பாயசமும் கேட்டேன். கொஞ்ச நேரம் ஓட்டினால் கால் மனம் மாறும் என்று ஒரு நப்பாசை. அது மாறவில்லை, மரத்துப்போனது.

பக்கத்து இலையிலிருந்த கார்த்திக் தலையைக் குனிந்துகொண்டு, "போதும்ப்பா, அம்மா பாக்குறாங்க" என்றான். சமையலறை வாசலில் வசந்தா நின்றிருந்தாள். அந்தப் பார்வையை விவரிக்க எனக்குத் தமிழ் பத்தாது. அவளுக்குப் பக்கத்தில் நித்யாவின் அம்மா கண்கலங்கி நின்றார். தான் வைத்த பாயசத்தை இத்தனை வருடத்தில் யாரும் இப்படிக் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டதில்லையாம். உள்ளே இன்னொரு உலை ஏறியது. இரண்டாம் பந்திக்குக் காத்திருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாலும் தீர்ந்துபோனது. விருந்தாளிக்கு இல்லை என்று சொல்லக் கூடாதென்று ஏழுமலை பைக்கை எடுத்துக்கொண்டு மதுராந்தகத்துக்குப் பால் வாங்கப் போய்விட்டார்.

தம்பி வாசல் தாண்டிப் போவதைக் கோதண்டம் பார்த்த பார்வை இன்றும் நினைவிருக்கிறது. கடைசிப் பஸ் போவதைப் பார்க்கிற பார்வை. அப்போது எனக்கு அர்த்தம் புரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் மற்றவர்களை எழுந்து போகச் சொன்னார். சம்பந்தி சாப்பிட்டு முடிக்கும்வரை தான் துணைக்கு உட்கார்ந்திருப்பதாகவும், யாரும் நின்று வேடிக்கை பார்க்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். கூடம் காலியானது. அவரும் நானும் இரண்டு இலைகளும் நடுவில் பாயசக் குண்டானும் மட்டும் மிஞ்சினோம். எல்லோரையும் அனுப்பிவிட்டுத் தனியாக என்னைக் கிழிக்கப்போகிறார் என்று தயாரானேன்.

"சம்பந்தி" என்றார் தாழ்ந்த குரலில். "நெசத்த சொல்லுங்க. பாயசம் அவ்ளோ நல்லாவா கீது?"

"நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

"எனக்கு வவுறு வெடிக்குது. தம்பி வந்தாதான் நான் எழ முடியும். அவன வேற பாலுக்கு அனுப்பிட்டீங்க." வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டார். "உங்களுக்கும் காலு வரலியா?"

கல்யாணமான புதிதில்கூட ஒரு கேள்வி என்னை அவ்வளவு குளிர்வித்ததில்லை. வரவில்லை என்று ஒப்புக்கொண்டேன். அவர் நீளமாக மூச்சு விட்டார். பிறகு இரண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரி வார்டில் படுத்திருக்கிறவர்கள் மாதிரி நோய் விசாரித்துக்கொண்டோம். ஒரு காலத்தில் நெல் மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு வரப்பில் நடந்தவராம். டிராக்டர் வந்தது, அறுக்கிற இயந்திரம் வந்தது, கழனிக்குப் போக பைக் வந்தது. மூட்டை தூக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. ஒருநாள் பார்த்தால் நாற்காலியிலிருந்தே எழ முடியவில்லை. வெளியில் சொல்லக் கூச்சம். தம்பியின் தோளில் கை போட ஆரம்பித்தது அப்போதுதான்.

"அது பாசம்னு நெனச்சிகினு கீறான் அவன்" என்றார். "ஊரே அப்புடித்தான் நெனச்சிகினு கீது."

டேபிள் போடச் சொன்னது எனக்காக இல்லை, அவருக்காக. அதையும் சொன்னார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இருவரும் மரியாதையாக எழுந்து போயிருப்போம்.

நான் டாக்டர் அம்மா சொன்னதையெல்லாம் என் சொந்தக் கண்டுபிடிப்பு மாதிரி அவருக்கு எடுத்துச் சொன்னேன். அவர் அசந்துபோனார். அந்த மரியாதை தலைக்கேறி, ஏழுமலை வருவதற்குள் எழுந்துவிடலாம், அதற்கு ஒரு வழி இருக்கிறது என்றேன். எதிர் எடைத் தத்துவம். இலைகளை நகர்த்திவிட்டு, எதிரெதிராகப் பாதத்தோடு பாதம் ஒட்டி உட்கார வேண்டும். கைகளைக் கோத்துக்கொண்டு ஒரே சமயத்தில் இழுக்க வேண்டும். அவர் எடை என்னைத் தூக்கும், என் எடை அவரைத் தூக்கும். கிரேன் ஆபீசர் சொன்னால் தப்பாக இருக்காது என்று நம்பி மனுஷன் நகர்ந்து வந்தார்.

தத்துவம் வேலை செய்தது என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். இரண்டு பேரும் தரையை விட்டுக் கிளம்பிவிட்டோம். பாதி உயரத்தில், முழங்கால் மடங்கிய நிலையில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தோம். எங்கள் கைகளில் நெய்யும் பாயசமும் இருந்ததைத்தான் நான் கணக்கில் எடுக்கவில்லை. பிடி வழுக்கியது. அவர் அந்தப் பக்கம் போனார், நான் இந்தப் பக்கம் போகிற வழியில் குண்டானையும் சேர்த்துக்கொண்டு போனேன்.

சத்தம் கேட்டு வீடே ஓடி வந்தது. அவர்கள் பார்த்த காட்சி இது. இரண்டு சம்பந்திகளும் பாயசத்தில் மல்லாந்து கிடக்கிறார்கள், நான்கு கால்களும் மேலே இருக்கின்றன. கைகலப்பு என்று முடிவு செய்துவிட்டார்கள். அண்ணனை அடித்துவிட்டார்கள் என்று நித்யாவின் அத்தை ஒருவர் அழ ஆரம்பித்தார். இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது. கார்த்திக்கின் முகத்தில் ரத்தமே இல்லை. வசந்தா என்னைப் பார்க்காமல் குண்டானை நிமிர்த்தி வைத்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எலும்பு கிலும்பு முறிந்திருக்குமோ என்று பயந்து எங்களைத் தொடவும் ஒருவரும் துணியவில்லை.

அப்போதுதான் நித்யா வந்தாள். பட்டுப்புடவை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னாள். பெரியப்பாவிடம் எங்காவது வலிக்கிறதா என்று கேட்டாள். மானத்தைத் தவிர எங்கேயும் வலிக்கவில்லை என்றார் அவர். பின்னால் போய் அவர் அக்குளுக்குக் கீழே கை கொடுத்து, முதுகை நிமிர்த்தி, முழங்காலை மடக்கி, ஒரே மூச்சில் தூக்கி நிறுத்தினாள். அடுத்தது நான்.

"மாமா, என் கழுத்தப் புடிக்காதீங்க. குதிகால ஊனுங்க. மூச்ச அடக்காதீங்க" என்றாள்.

சர்வீஸ் முழுக்க எத்தனையோ கிரேன்களைப் பார்த்திருக்கிறேன். பாரம் ஆடாமல், உதறல் இல்லாமல், இவ்வளவு நிதானமாகத் தூக்கிய ஒன்று இல்லை. அங்கேயே சான்றிதழ் எழுதிக் கொடுத்திருப்பேன். அதுவரை அவளுக்கு அங்கிளாக இருந்தவன் மாமாவானது நான் காற்றில் தொங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான்.

நின்றதும் எல்லோரும் விளக்கத்துக்குக் காத்திருந்தார்கள். கோதண்டம் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். இத்தனை நாள் கட்டிக்காத்த ரகசியம், அவர் சொந்தக் கூடத்தில், சொந்த ஜனத்தின் முன்னால் உடையப்போகிறது. பழியை என்மேல் போட்டுவிட்டால் அவர் தப்பிக்கலாம். அதற்கு ஒரு வார்த்தை போதும், என் மகன் கல்யாணமும் அதோடு போகும். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். எனக்குத்தான் தரையிலிருந்து எழ முடியவில்லை, வெட்கப்பட்டுக்கொண்டு பாயசம் பாயசமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன், பெரியவர்தான் கண்டுபிடித்துத் தூக்கிவிட வந்தார், என் கனத்தில் அவரும் விழுந்துவிட்டார் என்று சொன்னேன்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அழுதுகொண்டிருந்த அத்தைதான். அவரைத் தொடர்ந்து கூடமே சிரித்தது. வசந்தா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கோதண்டம் மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ஏழுமலை பால் பாக்கெட்டுகளோடு உள்ளே வந்தார். அண்ணன் அவர் தோளில் கையைப் போட்டார்.

"இவரு வூட்டோட சம்பந்தம் வெச்சிக்கலாம்டா" என்றார். "நாளு பாரு."

கார்த்திக் சுவரில் சாய்ந்துகொண்டான். ஏழுமலைக்கு ஒன்றும் புரியவில்லை, பாலை என்ன செய்வது என்றுதான் கேட்டார்.

குழாயடியில் நாங்கள் இருவரும் பாயசத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது நித்யா துண்டு எடுத்து வந்தாள். நீங்கள் ஊருக்கு என்ன கதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், தூக்கினவளுக்குத் தெரியும் என்றாள். இரண்டு பேர் தொடையிலும் ஒன்றும் இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை தோறும் தன்னிடம் வர வேண்டும், வராவிட்டால் பெரியப்பா விஷயத்தைக் கூடத்தில் போட்டு உடைத்துவிடுவேன் என்று சிரித்துக்கொண்டே மிரட்டினாள்.

எங்கே வருவது என்பதில் சிக்கல். மதுராந்தகத்தில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று கோதண்டத்துக்குப் பயம், கொளவாய் ஏரிக்கரையில் என் வடைக் கூட்டாளிகள் பார்த்துவிடுவார்கள் என்று எனக்குப் பயம். கடைசியில் மாமல்லபுரம் கடற்கரை என்று முடிவானது. மணலில் விழுந்தால் வலிக்காது என்பது கூடுதல் வசதி. கார்த்திக் அவரை அழைத்து வருவான். வீட்டில் கேட்டால் கோயிலுக்குப் போகிறேன் என்று அவர் சொல்லிவிடுவார். (கடற்கரைக் கோயில் கண்ணில் படத்தான் செய்தது, பொய் இல்லை.) மணலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, கைகட்டி உட்கார், எழு, உட்கார், எழு என்பாள் நித்யா. தண்ணீர்க் கேனில் பாதி தண்ணீர் நிரப்பி, தூக்கிக்கொண்டு நடக்கச் சொல்வாள். முதல் வாரம் முடிந்து வீட்டுக்குப் போனால், மறுநாள் காலை கழிப்பறையில் உட்காருவதற்கே தெய்வங்களைக் கூப்பிட வேண்டியிருந்தது. கோதண்டம் போனில் அழைத்து, "சம்பந்தி, பொண்ணு வோணாம்னு நீங்களே சொல்லிட்றீங்களா?" என்று கேட்டார். ஒருநாள் வெள்ளைக்கார ஜோடி ஒன்று எங்களைக் கொஞ்ச நேரம் பக்தியோடு பார்த்துவிட்டு, இது ஏதோ பழைய தமிழ் யோகாசனம் என்று நினைத்து, பக்கத்தில் வந்து தாங்களும் உட்கார்ந்து எழ ஆரம்பித்துவிட்டார்கள். நித்யா அவர்களையும் விரட்டி வேலை வாங்கினாள்.

சில மாதத்தில் வித்தியாசம் தெரிந்தது. பேன்ட் தொடையில் கொஞ்சம் இறுகியது. ஒருநாள் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து போனேன், எழுந்த பிறகுதான் அதைக் கவனித்தேன். வசந்தாவும் கவனித்திருக்கிறாள். அன்றைக்கு முட்டை இரண்டாக வந்தது.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மண்டபத்தில் எல்லாம் டேபிள் பந்தி. மறுவீட்டு விருந்தில் மட்டும் தரைப் பந்திதான் போட வேண்டும் என்று கோதண்டம் பிடிவாதம் பிடித்தார். அதே கூடம், அதே பாய். சாப்பிட்டு முடித்ததும் நான் எழுந்தேன். கொஞ்சம் முக்கல் இருந்தது, ஆனாலும் எழுந்தேன். எதிரில் ஏழுமலை வழக்கம்போல அண்ணனுக்காகக் குனிந்து தோளைக் கொடுத்தார். கோதண்டம் அதைத் தொடாமல், ஒரு முழங்காலை ஊன்றித் தானாகவே எழுந்து நின்று, என்னைப் பார்த்து மீசையைத் தடவினார்.

ஏழுமலை குனிந்தபடியே இருந்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"நான் இன்னாண்ணா தப்பு பண்ணேன்?" என்றார்.

எழுபது வயது மனிதர் அதற்கு என்ன பதில் சொல்வார். பந்தியில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, இத்தனை நாள் உன் தோளைப் பிடித்தது பாசத்தால் இல்லை, கால் வராமல்தான் என்று உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. பாயசம் விழுந்த அன்று தானும் உட்கார்ந்த இடத்தில் மாட்டிக்கொண்டவன்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னார். ஏழுமலை மெல்ல நிமிர்ந்தார். அப்புறம் அண்ணனின் கையை எடுத்துத் தன் தோளில் தானே போட்டுக்கொண்டார். இன்றும் அப்படித்தான் நடக்கிறார்கள், தேவையே இல்லாமல்.

எங்கள் கதை இரண்டு குடும்பத்துக்கும் பொதுச்சொத்தானது அன்றைக்குத்தான். கூடவே நித்யாவின் தலைமையில் ஒரு சட்டமும் வந்தது. பந்தியில் அறுபதைத் தாண்டிய ஆம்பிளை யாராவது இரண்டாம் தடவை பாயசம் கேட்டால் பாயசம் வராது. இரண்டு பேர் வந்து ஆளுக்கொரு அக்குளில் கை கொடுத்து, தூக்கி, குழாயடியில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். போன பொங்கலுக்கு நித்யாவின் அம்மா வைத்த பாயசம் நிஜமாகவே பிரமாதமாக இருந்தது. என் கால்கள் இரண்டும் ஜம்மென்று இருந்தன. எழுந்து நடனம்கூட ஆடியிருப்பேன். ஆசையில் இன்னும் கொஞ்சம் என்று கேட்டுத் தொலைத்தேன். வாயை மூடுவதற்குள் குழாயடியில் நின்றுகொண்டிருந்தேன்.

பக்கத்துக் குழாயில் கோதண்டம் ஏற்கனவே நின்று கையை உதறிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்காவது ஒரு கரண்டி முழுசா ஊத்துனாங்களா?" என்று கேட்டார்.